கண்மாய் உள்வாயில் நாலு ஏக்கர்

சிவமயம்

கீழ்ப்பாக்கம், சென்னை
14.11.2023
(பதிவுத் தபால்)

ஜெகதாப்பட்டினம் திருமதி ஷர்லி அவர்களுக்கு,

அடைக்கப்பன் எழுதுவது. நான் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று கேட்கும் மனநிலையிலும் இல்லை.

போன சித்திரையில் குளத்தூர் தாலுகா நெட்டிக்கண்மாயை ஒட்டிய நாலு ஏக்கரை எனக்கு விற்றீர்கள். "சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று பத்திரத்தில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தீர்கள். தீபாவளிக்கு முன்னால் பண்ணை வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டலாம் என்று இன்ஜினீயரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆள்வதற்கு அங்கே நிலத்தைக் காணோம் அம்மா. கண்மாய்தான் இருக்கிறது.

நீங்கள் கட்டிய ஒற்றை அறையும் அது நிற்கிற மேடும் ஒரு இலுப்பை மரமும் மட்டும் வெளியே தெரிகின்றன. மூன்று பக்கமும் தண்ணீர். நான் நீச்சல் குளம் வெட்ட நினைத்திருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பறவை தன் குஞ்சுகளோடு நீந்திக்கொண்டிருக்கிறது. இன்ஜினீயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நாம வீடா கட்டப்போறோம், படகா கட்டப்போறோம்?" என்று கேட்டான். என் மனைவி மீனாட்சி ஆச்சியோ, "தண்ணிக்குள்ள குடிபோற மொதச் செட்டியார் இவுகதான்" என்று சொந்தபந்தம் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பாரிமுனையில் நாற்பது வருஷம் இரும்புக்கடை வைத்திருந்தவன் நான். என்னை இப்படி யாரும் ஏமாற்றியதில்லை. நிலத்தை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வக்கீலிடம் போவேன்.

சித. மெ. அடைக்கப்பன்


இயேசுவுக்கே புகழ்

ஜெகதாப்பட்டினம்
25.11.2023

செட்டியார் ஐயா அவர்களுக்கு,

ஷர்லியின் வணக்கம். என்னைத் திருமதி என்று எழுதியிருந்தீர்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்திரத்திலேயே "செல்வி" என்றுதான் இருக்கிறது. நீங்கள் அதையும் படிக்கவில்லை.

போனில் நீங்கள் கத்தியதை முழுவதும் கேட்டேன். கேட்டு முடித்ததும் உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். காகிதத்தில் கத்த முடியாது என்பதால் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

நிலம் பார்க்க வந்த அன்று இலுப்பை மரத்தடியில் நின்று என்ன சொன்னேன்? "ஐயா, இது கண்மாய் உள்வாய். ஐப்பசி, கார்த்திகையில கண்மாய் பெருகுனா முக்காவாசி நெலத்துல தண்ணி நிக்கும். மாசிக்கு மேலதான் வடியும்" என்று சொன்னேன். நீங்கள் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு வீடியோ கால் போட்டு மயிலைக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். "பேஷ், பேஷ்" என்றீர்கள். எனக்குச் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொண்டேன். விலை ஏன் இவ்வளவு குறைச்சல் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நாற்பது வருஷம் கடை வைத்திருந்தவர் கேட்டிருக்க வேண்டாமா?

எனக்கும் விற்க ஆசை இல்லை. என் தம்பி பிராங்க்ளினைக் கடலில் இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பி வந்தான், படகு வரவில்லை. பிடித்த படகுக்குக் கடன் வேறு பாக்கி. புதுப் படகு இறக்கத்தான் நிலத்தைக் கொடுத்தேன். அந்தப் பணம் இப்போது ஜெகதாப்பட்டினம் துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கிறது. வேண்டுமானால் வந்து பாருங்கள்.

ஆனால் ஏமாற்றினாள் என்ற பேச்சை என்னால் சுமந்துகொண்டு திரிய முடியாது. அடுத்த மழைக்கு முன் நீங்கள் கொடுத்த விலைக்கே நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதுவரை அங்கே எதையும் கட்டாதீர்கள், வெட்டாதீர்கள். அறைச் சாவி ஊருக்குள் வீரய்யா அண்ணனிடம் இருக்கிறது. ஒருநாளாவது போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

அ. ஷர்லி


சிவமயம்

நெட்டிக்கண்மாய்
22.12.2023

செல்வி ஷர்லி அவர்களுக்கு,

அடைக்கப்பன். மயிலைப் பார்த்து "பேஷ்" என்றது நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம்.

வக்கீலிடம் காட்டப் போட்டோ எடுக்கலாம் என்று ஒருநாள் வேலையாகத்தான் வந்தேன். வந்தவன் இன்னும் கிளம்பவில்லை. கீரனூரில் இருந்து சோப்பும் இரண்டு வேட்டியும் வாங்கிவரச் செய்தேன்.

இங்கே முதலில் தண்ணீர் வெளுக்கிறது, அப்புறம்தான் வானம் வெளுக்கிறது. பனி விலகும்வரை கரை எது, கண்மாய் எது, என் பட்டா எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் கையில் இருக்கும் காப்பி ஆறிப்போவது தெரிவதில்லை. தண்ணீர் சத்தம் போடாமல் வாசல் கல்வரை வந்து நிற்கிறது. காலை நீட்டித் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத்தில் தெளிந்த இடத்தில் கீழே செம்மண் தெரிகிறது. சித்திரையில் என் கார் வந்த தடம்கூட அப்படியே இருக்கிறது. அந்தத் தடத்தில் குட்டி மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்குப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மீன் என்றதும் ஒரு விஷயம். என் பட்டா நிலத்தின்மேல் நிற்கிற தண்ணீரில் உள்ள மீன் என்னுடையது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? சந்தையில் வலை வாங்கி, முழங்கால் தண்ணீரில் இறங்கி விரித்தேன். கெண்டை நாலைந்து விழுந்தது. அதற்குள் வீரய்யாவும் இன்னும் சில பேரும் கரைமேல் வந்து நின்றுவிட்டார்கள்.

"என்னங்கய்யா, வலை விரிச்சிருக்கீங்க?"

"என் நெலத்துலதானே விரிச்சேன்?"

"நெலம் ஒங்களுதுதாங்க, யாரு இல்லேன்னா? தண்ணி ஏறிட்டா மீனு ஊருக்கு. கோடையில வத்தி, ஊரு கூடித் துண்டை வீசினப்பறம்தான் யாரா இருந்தாலும் எறங்கணும். அதுவரைக்கும் ஒரு அயிரையைக்கூட எடுக்கப்படாது."

நான் விடவில்லை. உள்ளே போய், லேமினேட் செய்து வைத்திருந்த பட்டாவைக் கொண்டுவந்து நீட்டினேன். வீரய்யா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "எங்ககிட்ட எதுக்குங்கய்யா காட்டுறீங்க? மீனுக்கிட்ட காட்டுங்க, ஒத்துக்கிட்டா புடிச்சுக்கங்க" என்றார். கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. மீனை விட்டுவிட்டேன். அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இதையெல்லாம் எழுதுவதால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த மழைக்கு முன் எடுத்துக்கொள்வதாக நீங்கள் எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சித. மெ. அடைக்கப்பன்


இயேசுவுக்கே புகழ்

ஜெகதாப்பட்டினம்
8.1.2024

செட்டியார் ஐயாவுக்கு,

வணக்கம். தம்பி சம்சாரம் பிளெஸ்ஸியை உட்காரவைத்து உங்கள் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். பட்டாவை மீனிடம் காட்டுகிற இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் அரைத்துக்கொண்டிருந்த மாவைக் கவிழ்த்துவிட்டாள். கிறிஸ்துமஸ் அன்றுகூட இந்த வீட்டில் இவ்வளவு சிரிக்கவில்லை. அதற்காக நன்றி.

நானும் உங்களைப் போலக் கோடையில் பார்த்துத்தான் அதை வாங்கினேன். குவைத்தில் நர்ஸாக இருந்து லீவில் வந்த நேரம். பிறந்ததிலிருந்து கடல் இரைச்சலைக் கேட்டவள். துறைமுகம் வந்தபிறகு ஐஸ் பிளான்ட் சத்தமும் சேர்ந்துகொண்டது. கடலே இல்லாத ஊரில் காய்ந்த மண்ணாகக் கொஞ்சம் வேண்டும் என்று தேடிப்போய் வாங்கினேன். அந்த வருஷமே தண்ணீர் வந்தது. அழுதேன். மறுநாள் காலையில் பார்த்தால், ஐயா, அவ்வளவு தண்ணீர், ஒரு வார்த்தை பேசவில்லை. அலை இல்லை, இரைச்சல் இல்லை. இப்படியும் தண்ணீர் இருக்குமா என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு ஒவ்வொரு லீவையும் மழையைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

சிறகி வாத்து வந்துவிட்டதா? பொழுது சாய்ந்தபின் விசில் அடித்துக்கொண்டு தலைக்குமேல் போகும். மேட்டுக்கு இடதுபக்கம் நாணல் இருக்கிற இடத்தில் அது இறங்கும். அங்கிட்டு டார்ச் அடிக்காதீர்கள்.

அறந்தாங்கியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். டபுள் டூட்டி கேட்டு வாங்கியிருக்கிறேன். நிலத்தை எடுக்கத்தான். உங்கள் வக்கீலுக்குப் பயந்து இல்லை. அந்த இடம் எனக்கு வேண்டும். நினைக்காத நாள் கிடையாது.

ஷர்லி

பி.கு: உங்கள் நம்பர் இன்னும் பிளாக்கில்தான் இருக்கிறது. காகிதத்தில் நீங்கள் நல்ல மனிதராக இருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும்.


சிவமயம்

நெட்டிக்கண்மாய்
26.2.2024

அன்புள்ள ஷர்லி அம்மாவுக்கு,

சிறகி வந்தது. டார்ச் அடிக்கவில்லை. நாணலுக்குள் எல்லாம் இறங்கி அடங்கும்வரை நானும் ஆச்சியும் மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விட்டோம்.

ஆமாம், ஆச்சி வந்திருக்கிறாள். "தண்ணிக்குள்ள காசைக் கொட்டுன இடத்தைப் பாத்துட்டு நாளைக்கே வந்துருவேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஒரு பையோடு வந்தாள். வந்த அன்று முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் தண்ணீர் ஓரமாகப் போய் நின்று, "காத்து நல்லாத்தான் வருது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளோடு ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா? மறுநாள் மகனுக்குப் போன் செய்து, நான் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டாள்.

தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது. ராத்திரிக்கு ராத்திரி ஒரு முழம் பின்னால் போகிறது. விடிந்தால் நேற்று இல்லாத மண் இன்று ஈரமாக, வழுவழுவென்று கிடக்கிறது. ஆச்சி அதைப் பார்த்தாள். அரிசிமாவை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் விட்டுப்போன இடத்தில் கோலம் போட்டுவிட்டு வந்தாள். மறுநாள் தண்ணீர் இன்னும் தள்ளிப்போயிருந்தது. அங்கே இன்னொரு கோலம். இப்போது அறைவாசலில் இருந்து தண்ணீர்வரை கோலமாகவே இறங்கிப் போகிறது. முதலில் போட்டதை எறும்பும் காடையும் தின்று தீர்த்துவிட்டன. ஆடு மேய்க்க வருகிற பெண்கள்கூட அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்கள்.

இரும்புக்கடையை விற்ற நாளிலிருந்து சாயங்காலம் என்றாலே எனக்குப் பிடிக்காது. என்ன செய்வதென்று தெரியாமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். இங்கே வந்தபிறகு சாயங்காலம் எப்போது வரும் என்று இருக்கிறது.

உங்களுக்கு ஒன்று எழுத வேண்டும் என்றுதான் இதை ஆரம்பித்தேன். பரவாயில்லை, பிறகு எழுதுகிறேன். டபுள் டூட்டியில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடைக்கப்பன்


சிவமயம்

நெட்டிக்கண்மாய்
13.5.2024

அன்புள்ள ஷர்லி அம்மாவுக்கு,

நேற்று கண்மாயில் மீன்பிடி நடந்தது. கருக்கல் விலகும் முன்பே சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் கரைமேல் வந்து நின்றுவிட்டது. ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக, யாரும் கால் நனைக்காமல் வீரய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனுசன் சாமி கும்பிட்டுவிட்டு, சாவகாசமாக வெற்றிலை போட்டு முடித்து, வெள்ளைத் துண்டை எடுத்து ஒரு வீசு வீசினார். அவ்வளவுதான். கரையே இறங்கி ஓடுவதுபோல இருந்தது. நானும் ஓடினேன். ஆச்சி "ஏங்க, ஏங்க, இடுப்பு!" என்று பின்னாலிருந்து கத்தினாள். எனக்கு ஒரு கெளுத்தி அகப்பட்டது. கையில் குத்தியும் விட்டது.

நீங்கள் இதைச் சொல்லவில்லையே? உள்வாய்க்காரர் வீட்டுக்குத்தான் முதல் மீனாமே! அவர் நிலத்தில்தான் மீன் வளர்கிறதாம். முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைக் கொண்டுவந்து ஆச்சியிடம் கொடுத்து, "உள்வாய் வீட்டம்மா, வாங்கிக்கங்க" என்றார்கள். ஆச்சி முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். எங்கள் இருவரையும் ஊர்க்காரர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் பாருங்கள்! குழம்பு வைத்தாள். பூண்டைத் தட்டிப் போட்டு, மண்சட்டியில். உங்களுக்கு ஒரு வாய் கொடுக்க முடியவில்லையே என்று சாப்பிடும்போது சொல்லிக்கொண்டோம்.

இலுப்பை பூத்துக் கொட்டி முடிந்துவிட்டது. கீழ்ப்பக்கம் முழுவதும் புல். வானம் தோண்டவில்லை, வேலியும் போடவில்லை. இன்ஜினீயரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடைக்கப்பன்


இயேசுவுக்கே புகழ்

ஜெகதாப்பட்டினம்
3.8.2024

அன்புள்ள செட்டியார் ஐயாவுக்கும் ஆச்சிக்கும்,

சந்தோஷச் செய்தி. பணம் சேர்ந்துவிட்டது! மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன பிராங்க்ளினுக்கு நல்ல இறால். மாதா கண் திறந்துவிட்டாள். நேற்று அவனே வந்து, "அக்கா, இந்தா, ஒன் கண்மாயப் போயி எடு" என்று கையில் கொடுத்துவிட்டான். என் சம்பளத்தையும் சேர்த்தால் சரியாக வருகிறது.

அடுத்த மழைக்கு முன் என்று சொன்னேன். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்களை ஒரு வருஷம் அந்தத் தண்ணீரில் கட்டிப்போட்டதற்கு மன்னியுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் காய்ந்த நிலமாக, நீச்சல் குளம் வெட்ட வசதியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதி உங்களுக்குச் சௌகரியம்?

எனக்கு இப்போதே கால் தரையில் நிற்கவில்லை.

ஷர்லி


சிவமயம்

கீழ்ப்பாக்கம், சென்னை
12.8.2024

அன்புள்ள ஷர்லி அம்மாவுக்கு,

வீட்டு வேலையாகச் சென்னை வந்த இடத்தில் உங்கள் கடிதம் கிடைத்தது. ஆச்சிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கொடுக்க மனமில்லை. மாசி மாதமே இதை எழுத உட்கார்ந்தேன். கோலத்தைப் பற்றி எழுதினேன், இதை எழுதவில்லை. மீன்பிடி அன்றைக்கும் எழுத நினைத்தேன். "எடுத்துக்கொள், எடுத்துக்கொள்" என்று ரிஜிஸ்டர் தபால் போட்டுக் கத்தியவன், "வேண்டாம், எனக்கே இருக்கட்டும்" என்று எப்படி எழுதுவது? வெட்கமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். உங்களுக்குப் பணம் சேராமலே போய்விடும் என்றும் ஒரு மூலையில் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கியதிலேயே எனக்குப் பிடித்த ஒன்று அதுதான். பாரிமுனைக் கடையைவிட, இந்த வீட்டைவிட. இந்த வயதில் ஒரு இடத்தின்மேல் இப்படி ஆசை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனால் நான் கேட்டேன், நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள், உழைத்துச் சேர்த்துவிட்டீர்கள். சொன்ன சொல் மாறமாட்டேன். தேதியை நீங்களே குறியுங்கள். வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

அடைக்கப்பன்


ஜெகதாப்பட்டினம்
20.8.2024

செட்டியார் ஐயாவுக்கு,

படித்ததும் கோபம் வந்தது. அது ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

மாசியில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா? வேண்டாத பொருளை உங்கள் தலையில் கட்டிவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சியோடு எத்தனை மாதம் ஆஸ்பத்திரிப் படி ஏறி இறங்கினேன் தெரியுமா? கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. நீங்கள் அங்கே கோலத்தையும் விராலையும் பார்த்து மயங்கிக்கொண்டு, எனக்குப் பணம் சேரக்கூடாது என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது ஐயா!

"பரவாயில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நான் பெரிய மனசோடு எழுதுவேன் என்று எதிர்பார்த்தால், எழுத மாட்டேன். உங்களுக்கு ஒரு வருஷ ஆசை. எனக்கு அது வெளிநாட்டில் பீ, மூத்திரம் அள்ளிச் சம்பாதித்த இடம். எனக்கு வேண்டும்.

செப்டம்பர் 12, வியாழக்கிழமை. காலை பத்து மணிக்குப் பத்திர ஆபீஸ் வாசலில் இருப்பேன்.

அ. ஷர்லி


இயேசுவுக்கே புகழ்

நெட்டிக்கண்மாய்
17.11.2024

அன்புள்ள செட்டியார் ஐயாவுக்கும் மீனாட்சி ஆச்சிக்கும்,

பத்திரம் முடிந்து இரண்டு மாதமாகிறது. நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

அன்றைக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடி என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே போனீர்கள். ஆச்சி காரில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்றுவிட்டேன். எங்கே பக்கத்தில் போனால் மனம் மாறி, வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. எடுத்துக்கொண்டது சரிதான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அப்படி நின்றது சரியில்லை.

மழை பிடித்துக்கொண்டது. முந்தாநாள் கீழ்ப்பக்கப் புல்லுக்குள் தண்ணீர் நுழைந்தது. புல் அப்படியே நின்றது, அதன் காலடியில் வானம் தெரிந்தது. நேற்றுப் புல்லின் நுனி மட்டும் வெளியே இருந்தது. இன்று அதுவும் இல்லை. ஒரு முக்குளிப்பான் வந்து, இந்த இடம் எனக்குத்தான் என்பதுபோல நடுவில் நீந்திக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பிராங்க்ளினுக்குப் போன் செய்து, தண்ணீர் ஏறுகிறது தம்பி என்றேன். "தண்ணிதானக்கா?" என்கிறான். கடலிலேயே கிடக்கிறவனிடம் வேறென்ன பேச? வீரய்யா அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "செட்டியாரும் ஆச்சியும் எப்ப வாராக?" என்று கேட்டார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் என்னைத் தவிர நீங்கள் இரண்டு பேர்தான்.

வாருங்கள். கட்டில் இரண்டு இருக்கிறது, நான் பாயில் படுத்துக்கொள்வேன். பாதை இன்னும் சில நாளில் மூழ்கிவிடும், அதற்குள் வந்துவிடுங்கள்.

ஷர்லி


சிவமயம்

கீழ்ப்பாக்கம், சென்னை
22.11.2024

அன்புள்ள ஷர்லி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மழை நல்லபடியாகப் பெய்வதில் மகிழ்ச்சி. உங்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

கடையை விற்றபிறகு அந்தத் தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை. கொடுத்த பொருளைத் திரும்பிப் பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை. சொந்தமாக இருந்த இடத்தில் விருந்தாளியாக வந்து உட்காரவும் மனம் ஒப்பவில்லை. அதனால் வருவதற்கில்லை. இங்கே எனக்கு வேலையும் நிறைய இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

சித. மெ. அடைக்கப்பன்


ஷர்லி தங்கச்சிக்கு,

மேலே இருப்பதை ஒட்டித் தபாலில் போடச்சொல்லி எங்கள் செட்டியார் கொடுத்தார்கள். நான் படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன். இதில் ஒரு வார்த்தையையும் நீ நம்பாதே.

வேலை நிறைய இருக்கிறதாம். என்ன வேலை தெரியுமா? மழை பெய்தால் பால்கனியில் போய் நின்று, "இந்நேரம் எதுவரைக்கும் ஏறியிருக்கும்?" என்று கேட்கிறதுதான் வேலை. கடை இருந்த தெருவுக்குப் போகாதது உண்மைதான். போகாமல் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர்கள் பட்ட பாட்டையும், என்னைப் படுத்திய பாட்டையும் நான் அல்லவா பார்த்தேன்? இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் ஆகாது.

உன்மேல் எனக்கும் கோபம் இருந்தது. காரில் அழுதேன்தான். நீ உன் கடிதத்தில் அதை எழுதியதும் கோபம் போய்விட்டது.

திங்கட்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பிள்ளையார்பட்டிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னாலேயே புதுக்கோட்டையில் இறங்கச் சொல்லும்போது தெரிந்துகொள்ளட்டும். கத்துவார்கள், கத்தட்டும். பாதை மூழ்கியிருந்தால் வீரய்யாவைக் கரைமேல் நிற்கச் சொல்.

வந்தபிறகும் பிகு பண்ணிக்கொண்டு, நாளைக்குக் கிளம்பிவிடுவேன் என்பார்கள். தமக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் வாய்திறந்து கேட்கமாட்டார்கள், உனக்குத்தான் தெரியுமே. அதனால் நான் கேட்கிறேன். தண்ணீர் வடிகிறவரைக்கும் எங்களை அங்கே வைத்துக்கொள்வாயா?

மீனாட்சி